கண் அளவு

பூசை முடிந்ததும் வேன் கிளம்பியது.
முட்டத்திலிருந்து பதினாலு பெண்கள்,
ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்ட டிரைவர்,
மடியில் மரச்சீனியும் கருவாட்டுச் சம்மந்தியும்.
"ஞாயிறு வள்ளத்துக்கு ஓய்வுன்னா
நமக்கும்தான்" என்றாள் ஒசன்னாள்.
அவள்தான் குழுத் தலைவி, ரசீதுப் புத்தகம் அவளிடம்.

குலசேகரம் தாண்டியதும்
ரப்பர் மரங்கள், மரத்துக்கொரு சிரட்டை கட்டி,
வரிசை பிசகாமல்.
ஷீட் காயும் புளிச்ச வாடைக்கு
டெல்பின் மூக்கைப் பொத்தினாள்.
அரசு பஸ்ஸில் எங்களைக் கண்டு
எத்தனை பேர் அப்படிப் பொத்தியிருப்பார்கள்!
அதைச் சொன்னதும்
வேனே குலுங்கச் சிரித்தோம்.

பேச்சிப்பாறையில் காணிகளின் சந்தை.
தார்ப்பாய்க்குக் கீழே
தேன், குந்திரிக்கம், இஞ்சி,
ஈத்தலில் முடைந்த முறமும் கூடையும் பாயும்.
மூங்கிலுக்குத் தம்பி மாதிரி இருக்கும் ஈத்தல்,
மெலிசு, பச்சை மாறாதது.

சிவப்பும் நீலமும் சாயமேற்றிய கூடையைத் தூக்கினேன்.
"எதுக்கு?" என்றாள் விற்பவள்.
என் வயசுதான் இருக்கும். நீலம்மை என்று
பணம் அனுப்பும் அட்டையில் பேர் இருந்தது.
"மீனுக்கு."
"அப்ப அது வேண்டாம். அது பாக்க வாறவங்களுக்கு."
பின்னாலிருந்து வேறொன்றை இழுத்துப் போட்டாள்,
நிறமில்லாமல், விளிம்பு தடித்து.
"டேம்ல மீன் பிடிக்கிறவங்க கேட்டு முடைஞ்சது.
வெள்ளம் வடியும்."

கண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன்.
சுண்டுவிரல் போனது, மோதிரவிரல் நின்றது.
நெத்திலி ஒழுகும். சாளை நிற்கும்.
அவளும் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?"
"முன்னூத்தம்பது."
"இருநூறு தாறேன்."
தலை நிமிரவில்லை. கத்தி
ஈத்தலைப் பிளந்துகொண்டு நேராகப் போனது.
"வெட்ட ரெண்டு மணிக்கூர் நடக்கணும்.
ஆனை நிக்குதான்னு பாத்துட்டு எறங்கணும்."

டீசல் வெலை தெரியுமாம்மா, காத்து தெரியுமாம்மா என்று
நான் தினமும் பாடுவதை
அவள் ஆனையை வைத்துப் பாடுகிறாள்.
விட்டுக் கொடுத்திருக்கலாம்.
ஆனால் இருபது வருசத்தில் முதல் தடவை
வாங்குகிற பக்கம் நிற்கிறேன்.
ருசித்தது. கூடையைக் கீழே வைத்தேன்,
நாலடி நடந்தேன், திரும்பினேன்,
என்னிடம் வாங்குகிறவர்கள் செய்வதை
ஒன்று விடாமல் செய்தேன்.
நீலம்மைக்கும் தெரிந்துதான் இருந்தது.
"நடந்தது போதும், வாங்க" என்றாள்.

முன்னூத்திநாற்பதுக்கு முடிந்தது.
மிச்சம் பத்துக்குச் சில்லறை இல்லை.
ஒரு பிடி நல்லமிளகு அள்ளிக் கூடையில் போட்டாள்.
பிடி மிளகு பத்து ரூபாய்க்கு மேலே வரும்.
அது எனக்குத் தெரியும்,
அவளுக்கும் தெரியும்.
பேசாமல் நகர்ந்தேன்.

திரும்பும்போது மாத்தூர்.
ஆற்றுக்கு மேலே, மரங்களின் தலைக்கும் மேலே
தொட்டியில் இன்னொரு ஆறு நடந்துபோகிறது.
தண்ணீர் காலுக்குக் கீழே கிடந்துதான் எங்களுக்குப் பழக்கம்.
பாதிப் பாலத்தில் ஒசன்னாள்
ரசீதுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து
உட்கார்ந்துவிட்டாள்.
பிடித்து எழுப்ப மூன்று பேர்.
அன்னாசிக்காரன் உப்பு தூவிக் கொடுத்த பிறகுதான்
நிறம் திரும்பியது.

அதற்குப் பிறகு எல்லோரும் தூக்கம்.
தக்கலை வளைவில் கூடை சரிந்து
மிளகு வேனெங்கும் உருண்டது.
சீட்டுக்கடியில், செருப்புக்குள்,
டெல்பினின் ரவிக்கைக்குள் ஒன்று.
திங்கள்சந்தை வரும்வரை பொறுக்கினோம்.

மறுநாள் விடியலில் ஏலம் விட்டு
முதல் குவியல் சாளையைக் கொட்டினேன்.
வெள்ளம் வடிந்தது, அவள் சொன்ன மாதிரியே.
ஒரு கண்ணில் மட்டும் வடியவில்லை.
குனிந்து பார்த்தால்
கறுப்பாய், உருண்டையாய்,
அடைத்துக்கொண்டு.
எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன்.
அந்த எரிவோடுதான் அன்றைக்கு
முதல் விலையைச் சொன்னேன்.
யாரும் குறைத்துக் கேட்கவில்லை
என்று சொன்னால் பொய்.