மிகா இடம்

சவுகோஸ்கியில் நவம்பர் மாதம்
மதியம் இரண்டுக்கே விளக்குப் போட்டுக்கொள்கிறது தபால் வண்டி.
ஓட்டுவது ஹில்கா.
பக்கத்தில் தம்பி, மடியில் கடிதக் கட்டு,
நெற்றியில் சுரங்கக்காரனைப் போல் ஒரு டார்ச்.

ஓய்வா என்பது அவன் பெயர்.
நம் காதுக்கு அது ஒரு கேள்வி.
நாற்பத்தொரு வயதில்
உத்தரவாகவே வந்துவிட்டது:
உரிமத்தைத் திருப்பிக் கொடு,
இந்தத் தடத்தை வேறு யாராவது ஓட்டட்டும்.

முதலில் இரவு போனது.
பிறகு ஓரங்கள்.
முகப்புக் கண்ணாடியில் மூச்சுவிடும்வரை
கலைமான் நின்றது தெரியவில்லை.
இப்போது மிச்சம் நடுவில் ஒரு துளை,
மருந்துப் புட்டியின் வாயளவு.
அதற்குள் எல்லாம் துல்லியம்.
மின்கட்டண ரசீதின் பொடி எழுத்தையும் படிப்பான்.
பெட்டி எங்கே இருக்கிறது என்றுதான் தெரியாது.

அவன் வாசிக்கிறான். அவள் இறங்கிப் போடுகிறாள்.
இருவருக்கும் சேர்த்து ஒரு சம்பளம்.

விழித்திரையின் அடியில்
கருநிறச் செல்களுக்குள்ளும் இதே பிழைப்பு:
மூட்டை கட்டு, முகவரி பார், கொண்டுபோய்ச் சேர்.
ராப் என்று பொடிப் புரதங்கள், அறுபதுக்கு மேல்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு தடம்.
பிறந்த மேனியாய் அவை எங்கும் ஒட்டாது.
எண்ணெய்ப் பிசுக்குள்ள வால் வேண்டும்
சவ்வில் ஊன்றி நிற்க.

வால் தைக்குமிடத்துக்குக் கூட்டிப்போய்,
தைக்கும்வரை கூடவே நின்று,
சேரவேண்டிய சவ்வில் இறக்கிவிட்டு
அடுத்ததைக் கூட்டிவரத் திரும்புகிறது
ஒரு புரதம்.
வழித்துணை என்று பெயர்.
வழித்துணை ஒன்று.
தனக்கென்று வாலில்லை, ஊர் இல்லை.
எக்ஸ் குரோமோசோமில் எழுதியிருக்கிறது
அதைச் செய்யும் முறை.

அங்கேதான்,
வெட்டி ஒட்டும் ஓரத்தில்,
ஓர் எழுத்துக் கூடிவிட்டது.
நாம் பள்ளியில் திட்டு வாங்கிய அதே தவறு:
மிகா இடத்தில் மிகுந்த ஒற்று.
நமக்கு அரை மதிப்பெண் போயிற்று.

வழித்துணை இரண்டு என்றும் ஒன்று உண்டு.
ஈரலை, தோலை, ஓய்வாவின் உரத்த சிரிப்பை
அது பார்த்துக்கொள்கிறது.
கண்ணுக்கு மட்டும்
அதன் கை போதவில்லை என்கிறார்கள்.

ஹில்காவிடமும் அதே எழுத்து, அதே அம்மாவிடமிருந்து.
அவளுக்கு எக்ஸ் இரண்டு.
செல்லுக்குச் செல் சீட்டுக் குலுக்கி
ஒன்றைத் தூங்கவைத்திருக்கிறார்கள்.
ஔலு மருத்துவமனையில் படம் காட்டினார்கள்:
மிளகுத்தூள் சிந்திய மேசை மாதிரி அவள் விழித்திரை.
பார்வைக்குக் குறையில்லை.

ஒருமுறை, குடித்திருந்தபோது, கேட்டான்:
நீ எடுத்துக்கொண்டிருக்கலாமே?
எடுத்தேனடா, என்றாள்.
அடியில் இன்னொன்று இருந்தது, அவ்வளவுதான்.
அதற்கப்புறம் இருவரும் அதைப் பேசவில்லை.
உறைந்த ஆற்றைக் கடக்கும்போது மட்டும்
அவள் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவாள்.

இன்றைக்குக் கட்டின் நடுவில்
ஔலு முத்திரையுடன் ஓர் உறை.
அவன் விரல் நின்றது.
யாருக்கு?
கடைசி வீடு, என்றான்
வாடிக்கையான குரலில். கட்டின் அடியில் செருகினான்.

பதினேழு பெட்டிகள்.
விதைப் பட்டியல், வரி அலுவலகம்,
மூர்மன் அம்மாளுக்கு யாரோ அனுப்பிய கம்பளிக் காலுறை.
அவள் கேட்கவில்லை.
அவன் ஒவ்வொரு பெயரையும் முழுதாகவே வாசித்தான்.

பதினெட்டாவது அவர்களுடையது.
அவள் கதவுப்பிடியில் கைவைத்தாள்.
இரு, என்றான்.

வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டு போனான்.
முழங்கால்வரை பனி.
கம்பத்தை இடது தோள் கண்டுபிடித்தது.
மூடியைத் திறந்து கடிதத்தைப் போட்டான்.
மூடினான்.
நின்றான், ஒரு வீட்டுக்காரன்
தபால் வண்டி போகக் காத்திருப்பதைப் போல.

பிறகு திறந்து
தன் கடிதத்தை எடுத்துக்கொண்டான்.