மெய்யெழுத்து

நவம்பரில் ஓல்ட்டன் பனிப்புகாருக்குள் போய்விடும்.
பாலத்தில் நின்றால் ஆரே ஆறு தெரியாது,
கீழே யாரோ பாத்திரம் கழுவுகிற மாதிரிச் சத்தம் மட்டும்.
மண்டப வாசலில் பதாகை: ‘வாழ்வுக்கு ஆம்.’
நான் பேச வந்தவளும் இல்லை, கேட்க வந்தவளும் இல்லை.
நாளுக்கு முந்நூறு பிராங், ஒரு கண்ணாடிக் கூண்டு,
ஜெர்மனை வாங்கித் தமிழாய் வெளியே விடுகிற வேலை.
பதினான்கு ஹெட்செட்.
பிளாஸ்டர் ஒட்டி நம்பர் எழுதினதும் நான்தான்.

சூரிச்சிலிருந்து பஸ்தியாம்பிள்ளை குடும்பம்,
சொலோத்தூர்ன் மெற்றில்டா, அவவின் பங்குச் சனம்,
மூன்றாம் வரிசை ஓரத்தில்
கோட்டைக் கழற்றாத ஒரு பெண்.

காலையில் ஊடகமும் குடும்பமும்.
டொக்டர் ரெகுலா பியூட்டிக்கோஃபர் திரையில் ஒரு மேசை காட்டினார்:
நாலு பேர், நாலு போன்,
சூப்பில் ஆடை படர்ந்திருந்தது.
சபை சிரித்தது.
தமிழுக்குச் சிரிப்பு நாலு செக்கன் பிந்தி வந்தது.
“இரவு ஏழு மணிக்கு ஒரு கூடை எடுங்கள்,
எல்லாப் போனையும் அதில் போடுங்கள்.”
சொன்னேன். அப்படியே சொன்னேன்.
பஸ்தியாம்பிள்ளையர் மனிசியின் பக்கம் சரிந்து,
“அப்ப அம்மாவை எங்கை வைக்கிறது?”
அம்மா தாளையடியில், வட்ஸ்அப்பில்.
இங்கே ஏழு என்றால் அங்கே பதினொன்றரை,
நித்திரை கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருப்பா.
அந்தக் கேள்வியை ஜெர்மனுக்குத் திருப்ப
எனக்கு யாரும் காசு தரவில்லை.

மத்தியானம் பூசணி சூப்.
மெற்றில்டா சில்வர் பேப்பரில் மீன் ரோல்ஸ் கொண்டுவந்திருந்தா.
மேசையில் தங்க நிறச் சட்டை ஊசிகள்,
இரண்டு குட்டிப் பாதங்கள், பத்தாம் வாரத்து அளவாம்.
ஒரு பெடியன் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான்.
நல்ல பெடியன். நன்றி சொன்னேன்.
எனக்குப் பதினொன்றாம் வாரம்.
அந்த ஊசியைவிட ஒரு வாரம் பெரிது என்று
நான் கேட்காமலே மூளை கணக்குப் போட்டது.

ஆராவ் ஆஸ்பத்திரித் தாளில் ஒரு சொல்தான்: அபோர்ட்.
தானாய் நடந்தாலும் அது, நடத்தினாலும் அது.
பழைய ரயில்களில் கழிப்பறைக் கதவிலும் அதே எழுத்து.
தமிழ் அவ்வளவு சிக்கனம் இல்லை.
கலைந்தது.
கலைத்தது.
நாக்கு தொடுகிற இடம் ஒன்றுதான்;
மூக்கால் கொஞ்சம் காற்றுப் போனால் விதி,
போகாவிட்டால் குற்றம்.

பின்னேரம் பேசினவர் உர்ஸ் என்ற தச்சர்.
தாள் இல்லை, குரலில் கோபமும் இல்லை.
ஒரு இடத்தில் நிறுத்தி, தொண்டையைச் செருமி,
கருக் கலைத்த பெண்களுக்காகவும் ஒரு நிமிடம் மௌனம் கேட்டார்.
என் வாய்
“கருக் கலைந்த பெண்களுக்காகவும்” என்றது.
வாய்தானா, நானா, தெரியாது.
மூன்றாம் வரிசைக் கோட்டு தலையைத் தூக்கிக்
கூண்டைப் பார்த்தது.
அந்த ஒரு நிமிடம்தான்
அன்று முழுக்க எனக்கு வேலை இல்லாத நிமிடம்.

ஸ்பிரிட் தொட்டு ஹெட்செட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கடைசியாய் வந்தாள். ஒன்பதாம் நம்பர்.
“அக்கா, ஒரு இடத்திலை பிழை விட்டனீங்கள்.”
“ஓம்.”
“எனக்கு அது தானாக் கலையேல்லை.”
காதுப் பஞ்சு இன்னும் சூடாக இருந்தது.
“எனக்குத் தானாத்தான்” என்றேன்.
வேறு என்ன சொல்வதென்று
இரண்டு மொழியிலும் வரவில்லை.
அவள் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள்,
திரும்பவும் பூட்டினாள்.

அப்போதுதான் பார்த்தேன்,
மைக்கின் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.
ஹெட்செட்டுகளை எண்ணினேன். பதின்மூன்று.
மண்டபத்தின் மறு கோடியில்
மெற்றில்டா கதிரை கதிரையாய்க் குனிந்து
ரோல்ஸ் பெட்டியின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தா,
காதில் ஏழாம் நம்பர்.

கிட்ட வந்தா. எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.
“மிச்சம் ரெண்டு கிடக்கு,” என்றா,
“ரயிலுக்குக் கொண்டுபோங்கோ, ரெண்டு பேரும்.”