விடுப்பு விண்ணப்பம்

தேர்வு ஜூனில் வந்தது.
பெங்களூரா பழமும் ஜூனில்தான் வரும்.
பர்கூர் சாலையில் லாரிகள் விடிய விடிய நின்று
கசியும், ஈ மொய்க்கும்.
கூழ் ஆலையில் அந்த மூன்று மாதம்
செத்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சாக வேண்டும்
என்பார் மேஸ்திரி திம்மராயன்.

நான் வெங்கடலட்சுமி. முப்பத்தேழு.
பி.காம். முதலாண்டு, அஞ்சல் வழி.
தபால்காரர் போட்டுவிட்டுப் போன கட்டைப் பார்த்து
கோர்ட்டு நோட்டீஸா என்றாள் எதிர்வீட்டுக்காரி.
ஐந்து புத்தகம். அட்டையில் ஒரு கட்டடம்,
இன்றுவரை நேரில் பார்க்கவில்லை.

ஞாயிறு வகுப்பு கிருஷ்ணகிரியில், ஒரு பள்ளிக்கூடத்தில்.
ஆறாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க
ஒரு கண்டக்டர், ஒரு மருந்துக்கடைக்காரர்,
இரவுப்பணி முடித்து வந்து தூங்கிவழியும் ஊர்க்காவல் படைக்காரர்,
கைக்குழந்தையோடு நஸ்ரீன்.
உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு.
அச்சுப்பிழை என்றே ஒரு மாதம் நினைத்திருந்தேன்.

நான்காம் அலகு, வணிகக் கடிதம்.
அனுப்புநர். பெறுநர். பொருள்.
கெஞ்சாமல் கேட்க ஒரு முறை இருக்கிறதென்று
அதற்குமுன் யாரும் சொன்னதில்லை;
பதினோரு வருஷம் தலையைச் சொறிந்தே கேட்டிருக்கிறேன்.
எழுதினேன்:
நான்கு நாள், சம்பளம் வேண்டாம், பதிவெண், தேதிகள்.
மேஸ்திரி வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.
யார் எழுதிக் கொடுத்தது?
நான்.

மூன்று நாள் கிடைத்தது.

புள்ளியியல் போயிற்று, டிசம்பரில் மறுபடி.
மற்ற தாள்களில் விரலிடுக்கு மஞ்சள் ஒட்டியது.
மேற்பார்வைக்கு வந்தவர் குனிந்தார், மூக்கை உறிஞ்சினார்,
ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

அப்புறம் ஒவ்வொருவராய் வந்தார்கள்.
கன்னியம்மாளுக்கு பி.எஃப். படிவம்.
ஒடிசாப் பையனுக்கு வங்கி மேலாளருக்கு ஒரு மனு.
சோறு ஆறிக்கொண்டிருக்கும்,
நான் பொருள் என்ன பொருள் என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஓசூரில் நேர்காணல். ஸ்டோர்ஸ் எழுத்தர் வேலை.
சட்டை மடிப்புக் கலையாத ஒருவர், என் தம்பி வயசு,
பிளஸ் டூவுக்கு அப்புறம் பத்தொன்பது வருஷம்
காலியாக இருக்கிறதே மேடம், என்றார்.
காலியா?
ஒரு கூடை பழத்தைத் தூக்கிப் பார்த்தே
கொட்டை எவ்வளவு, தோல் எவ்வளவு,
கூழ் எவ்வளவு தேறும் என்று சொல்வேன் சார்,
தராசு அப்புறம்தான் சொல்லும்.
குறித்துக்கொண்டார்.
தலைகீழாகப் படித்துப் பார்த்தேன். ஆங்கிலம்.
அது இரண்டாம் ஆண்டுப் பாடம்.
தகவல் சொல்கிறோம் என்றார்கள்.

திரும்பும் பஸ், சூளகிரி தாண்டியதும்
புள்ளியியலை எடுத்தேன். சராசரி, இடைநிலை, முகடு.
பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு ஒரு பெண்.
மகளுக்குப் பரீட்சையா?
எனக்கு.
சூளகிரி மேம்பாலம் பின்னால் போய் மறைகிறவரை பேசவில்லை.
பிறகு மெல்ல, இதுக்கு எங்கே பணம் கட்டணும், எவ்வளவு?
கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன்.
எழுதித்தரப் பேனா தேடினால்
அது ஓசூரில், அந்த மேசையிலேயே கிடக்கிறது.