பதிவேட்டில் இல்லாத மாதிரி

துத்தநாகக் குளோரைடு கரைசல், அடர்த்தி ஒன்று புள்ளி நான்கு.
ஒரு கைப்பிடி கொட்டினேன்.
கரி மிதந்தது. கல் போய் அடியில் உட்கார்ந்தது.
இதற்குத்தான் பதினோரு வருடமாகச் சம்பளம்,
ஸாப்ஷெ நகரில், சரக்கு ரயில் கடக்கும்போதெல்லாம்
தராசு முள் நடுங்கும் இரண்டாம் மாடியில்.

அரைத்த தூளுக்கு வேறு வழி.
தொட்டி நீரில் நாலு சொட்டு மண்ணெண்ணெய்,
பைன் எண்ணெய் ஒரு சொட்டு, அடியிலிருந்து காற்று.
கரிக்கு நீர் ஆகாது;
கிடைத்த குமிழைத் தொற்றிக்கொண்டு ஏறிவிடும்.
களிமண் தங்கிவிடும்.
கறுத்த நுரையை வழித்தெடுக்கிறோம், பாலேடுபோல.
கந்தகம்தான் படியாது.
நுண்ணோக்கியில் ராஸ்பெர்ரிப் பழமாய்த் திரண்டு
கரியின் வயிற்றுக்குள்ளேயே பொன்னிறத்தில் கிடக்கிறது.
எவ்வளவு அரைத்தாலும் இன்னும் கொஞ்சம்.

எழுபத்தொன்பது ஜனவரி.
குடுவை கழுவும் எல்ஃப்ரீதா
கோட்டுக்குள்ளிருந்து ஒரு ஊறுகாய் ஜாடியை,
சிறுநீர்ப் பரிசோதனைக்குத் தருபவள்போல
துணியில் மறைத்து நீட்டினாள்.
"எங்கள் அடுப்புக்கு வந்தது, டாக்டரம்மா.
என்னவென்று பாருங்கள்."

பதியவில்லை.
ஒரு கிராம். மூசை. எண்ணூற்றுப் பதினைந்து பாகை.
உலை முன் நின்றபடி
கணவன் கெரார்டின் இருமலைப் பற்றி அவள் பேசவில்லை.
திரைச்சீலையைப் பற்றிப் பேசினாள்:
திங்களன்று துவைத்தால்
வியாழனுக்குள் தேநீர் நிறம்.

சாம்பல், நூற்றுக்கு முப்பத்தெட்டு புள்ளி இரண்டு.
இருமுறை எடை போட்டேன்.
மிச்சமிருந்த ஈர வண்டலை முகர்ந்தேன்.
பைன் வாசனை.
என் தொட்டியின் பைன்.

நுரை, க்டான்ஸ்க் துறைமுகத்தில்
டென்மார்க்குக்கோ எங்கோ கப்பலேறுகிறது,
சாம்பல் நான்கு சதவீதம், சான்றிதழில் என் கையெழுத்து.
அடியில் தங்கியது லாரியேறி,
சுரங்கத்தில் அதை வெட்டியவனின் வாசலில்
அவனுடைய பங்காக இறங்குகிறது.
அழுக்குக்கு விலாசம் எழுதியவள் நான்.

"எவ்வளவு?" என்றாள்.
சொன்னேன்.
"ம்" என்றாள். அவள் முகத்தில் புதிதாக எதுவும் இல்லை.
ஜாடியை வாங்கி மூன்று முறை கழுவினாள்,
கடைசியில் காய்ச்சி வடித்த நீரால், எங்கள் விதிப்படி.
வெள்ளரிக்காய் போட அது வேண்டுமாம்.

மறுநாள் காலை, யாரும் வருமுன்,
நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே
இடமில்லாத இடத்தில் நெருக்கி எழுதினேன்:
அடுப்பு, எல்ஃப்ரீதா காவ்லிக், 38.2.

பென்சிலால்.
பேனா மேசைமேல்தான் இருந்தது.