அறுக்காத மூலை

ஓசூர் இராம்நகரில் இதயத்துல்லா கறிக்கடை.
"தொடை எலும்பு, முட்டியோடு. கறி வேண்டாம்" என்றால்
முதல் வாரம் நாய்க்கா என்று கேட்டார்.
மூன்றாம் வாரம் சூப்புக்கா என்றார்.
இப்போது கேட்பதில்லை.
திங்களும் வியாழனும் செய்தித்தாளில் சுற்றி
மேலே பால்பென்னில் எழுதி வைக்கிறார்:
சவுடேஸ்வரி, வெறும் எலும்பு.

சிப்காட் இரண்டாம் கட்டம்.
எங்கள் ஷெட்டுக்கு அந்தப் பக்கம் பிரேக் டிரம் வார்க்கிறார்கள்,
இந்தப் பக்கம் ரோஜாவுக்கு அட்டைப்பெட்டி.
நடுவில் நான்
ஒன்றேகால் மில்லிமீட்டர் தகட்டுக்குப்
பல் வரைகிறேன்.

மூட்டு மாற்றும்போது
தொடை எலும்பின் நுனியைச் சமமாகச் சீவ வேண்டும்.
அதற்கான ரம்பம் சுழலாது, தலையாட்டும்,
நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் தடவை
வேண்டாம் வேண்டாம் என்பதுபோல்.
தகடு வளைந்தால் வெட்டு அலையும்,
வெட்டு அலைந்தால் கால் ஒரு பாகை சாயும்,
சாய்ந்த அந்த ஒரு பாகையில்
யாரோ ஒருத்தி
மிச்ச ஆயுள் முழுக்கப் படி இறங்குவாள்.

சூடு வேறு.
நாற்பத்தேழு டிகிரியில் ஒரு நிமிடம் போதும்,
எலும்பு உள்ளே செத்துவிடும், வெளியே தெரியாது.
செத்த எலும்பில் எதுவும் ஒட்டாது.
துகள் வெளியேறப் பல்லுக்குப் பல் இடம் விட்டேன்.
மூன்றாம் தகட்டில் கருகல் வாசம் போனது.
மதியச் சாப்பாட்டுக்கு
என் மேசைப் பக்கம் யாரும் வராதது மட்டும் மாறவில்லை.

இவ்வளவும் பாதிதான்.
முட்டிக்குப் பின்னால்,
எலும்பு முடிகிற இடத்திலிருந்து விரற்கடை தூரத்தில்,
கீழ்க்காலுக்கே சோறுபோடும் ரத்தக்குழாய்.
அறுப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.
எலும்பு தீர்ந்ததைக் கைதான் சொல்லும்,
சொன்ன கை நிற்கக்
கொஞ்சம் நேரம் ஆகும்.
அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ரத்தக்குழாய்க்குச் சைக்கிள் டியூப்.
தண்ணீரில் சிவப்பு மை கலந்து நிரப்பி
எலும்புக்குப் பின்னால் கட்டினேன்.
ஏழு தகடு, ஏழு டியூப், ஏழு முறை தரை துடைத்தேன்.
பஞ்சர் கடை தீர்த்தகிரி
டஜனாக எடுத்தால் விலை குறைப்பதாகச் சொன்னான்.

எட்டாவதைத் தருமபுரிக்கு அனுப்பினேன்.
டாக்டர் மாதம்மாள் மாதிரி எலும்பில் அறுத்துப் பார்த்து
மஞ்சள் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினார்:
"பல் நல்ல பல். மூலைதான் கத்துகிறது."

அன்றிரவு லென்சை விட்டு எழவில்லை.
பத்து மாதமாக
அறுக்கிற இடத்தை மட்டுமே யோசித்திருக்கிறேன்.

இரண்டு மூலையிலும் கடைசிப் பல்லைப் பிடுங்கினேன்.
இருந்த இடத்தை மழித்து உருட்டினேன்,
பல் விழுந்த ஆறு வயதுக்காரனின்
ஈறுபோல.

முதலாளி ஸ்டாப்வாட்சைக் காட்டினார்.
பதினான்கு விநாடி கூடுதல்.
மற்ற கம்பெனிக்காரன் வேகத்தைத்தான்
பெரிய எழுத்தில் போடுகிறான் என்றார்.
வாஸ்தவம்.
மூலை மழுங்கலை எந்த எழுத்தில் போடுவது?
நான் பதில் சொல்லவில்லை,
ஒன்பதாவது டியூபைக் கட்டாமல்
அவர் கையில் கொடுத்தேன். பிடித்துக்கொள்ளுங்கள் சார்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார்.

தகடு எலும்பைத் தாண்டி வந்தது.
ரப்பரில் மோதியது. தலையாட்டியது,
வேண்டாம் வேண்டாம்.
ரப்பரும் கூடவே ஆடியது.
அன்று அவர் சட்டை வெள்ளை.
வெள்ளையாகவே வீட்டுக்குப் போனது.

இதற்கு ஆயுள் ஒரு முட்டி.
இருபது நிமிடம், பிறகு கழிவுப்பெட்டி.
ஒழுங்காக வேலை செய்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.
எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல
யார் போன் செய்வார்கள்?

வியாழக்கிழமை எலும்புக்குப் போக மறந்தேன்.
ஏழு மணிக்கு இதயத்துல்லா.
"எடுத்து வச்சிருக்கேனே, வரலியா?
என்னம்மா ஆச்சு?"

ஒண்ணும் ஆகலை பாய், என்றேன்.
ஒண்ணுமே ஆகலை.