கல்லுக்குப் பிடி

கல்லுக்குத் தட்டையான பக்கம் கிடையாது.
அறுத்த பிறகுதான் அது பிறக்கும்.
அதுவரை எதை நம்பிப் பிடிப்பது?

மூலக்கொத்தளம் பழைய இரும்புக் கடையில்
மத்தியானம் முழுக்கக் குந்தியிருந்து
ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன்.
ஜி கிளாம்ப் ஒன்று, வாய் ஆறு அங்குலம்,
மரை தேய்ந்து, கையை விட்டால் தானே இறங்கியது.
பெஞ்ச் வைஸ் ஒன்று, நல்ல கனம்,
இரண்டு தாடையும் நேருக்கு நேர்.
நேரானதை மட்டும்தான் அதற்குக் கடிக்கத் தெரியும்.
என் கல்லோ
கடலரிப்புக்குக் கொட்டப் போன லாரியிலிருந்து
எர்ணாவூர் மேம்பாலத்தில் உருண்டு விழுந்தது.
கோணல் பூசணிக்காய்.
ஒரு ஓரத்தில் மட்டும் மாதுளை முத்துப் போல் சிவப்பு.

"கல்லு அறுக்கவா? உனக்கு எதுக்கும்மா?"
கடைக்காரர் யாகூப் கேட்டார்.
பகலில் துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர் எழுதுகிறேன்,
ராத்திரிக்கு இது, என்றேன்.
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் போன மாசத்தைச் சொல்லியிருப்பேன்.
இரண்டு ஆப்பு போதும் என்று நினைத்தது,
பாதி வழியில் கல் ஒரு மயிரிழை திரும்பியது,
பிளேடு அப்பளமாய் நெளிந்தது,
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.
ஒரு சில்லு என் காதைத் தாண்டிப் போய்
காலண்டரில் பதினேழாம் தேதியைத் துளைத்தது.
அந்த மாசம் முடிந்தும் தாளைக் கிழிக்கவில்லை.

கடைசியில் மூலையில்,
எண்ணெய்ப் பிசுக்கோடு,
பைப் ஃபிட்டர்களின் செயின் கிளாம்ப்.
முகம் எது, முதுகு எது என்று செயின் கேட்பதில்லை.
கல் வளைகிற இடத்தில் அதுவும் வளைகிறது.
ஆனாலும் இரும்பும் கல்லும் ஒட்டாது, வழுக்கும்.
நடுவில் வைக்க
அனல்மின் நிலையத்தில் கரி சுமந்து ஓய்ந்த
கன்வேயர் பெல்ட் துண்டு, கிலோ முப்பது ரூபாய்.
அடியில் புளியங்கட்டை, மூன்றே மூன்று.
நாலு கால் வைத்தால்தான் ஆட்டம் வரும்,
டீக்கடை பெஞ்சைப் பார்த்தால் தெரியும்.

கொருக்குப்பேட்டையில் என் ஷெட்.
டேங்கர் வண்டி தண்டவாளத்தில் போகும்போது
டம்ளர் தண்ணீரில் வட்டம் விழும்.
ஒவ்வொரு வண்டிக்கும் திருகு கால் மரை தளரும்.
வண்டி போனதும் இறுக்குவேன்,
சுண்ணாம்புக்கட்டியால் போட்ட கோட்டைப் பார்ப்பேன்,
மறுபடி மோட்டாரைப் போடுவேன்.

அன்றைக்குப் பாதி தூரம் சுத்தமாய் இறங்கியிருந்தது.
யாரோ தகரக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள்.
பெஞ்சலய்யா. லுங்கி முழுக்க ஈரம்.
"சந்து முனையில பைப் பிச்சிக்கிச்சி.
தண்ணி வுட்டு பத்து நிமிஷம்தான் ஆவுது.
அந்தச் செயின குடு, ரப்பரோட."

இப்போது கழற்றினால்
அதே இடத்தில் திரும்ப உட்காராது, என்றேன்.
"இன்னாது உட்காராது?"
கல், என்றேன்.
அவன் கல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
வாயில் வந்ததை முழுங்கிக்கொண்டான்.

நானும் திட்டிக்கொண்டேதான் கழற்றினேன்.
போகும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது.

மீட்டர் பெட்டி வரைக்கும் பீய்ச்சியடித்தது.
குடங்களோடு எல்லோரும் நின்றார்கள்,
யாரும் கிட்டே போகவில்லை.
குழாயை ரப்பரில் சுற்றி
மேலே செயினை இரண்டு சுற்றுப் போட்டு
நான்தான் திருகினேன். பழகிய கை.
சீறல் முனகலானது, முனகல் சொட்டானது.

குழாயடியில் தண்ணீர் நின்ற பிறகுதான்
செயின் வீட்டுக்கு வந்தது.
துடைத்தேன். கோட்டில் வைத்தேன்.
சரியாகத்தான் தெரிந்தது.

பலகை இப்போது அலமாரியில் சாய்ந்திருக்கிறது.
பாலிஷ் போடுகிற சம்பூர்ணம் சொன்னாள்,
மேல் பாதியைத் தேய்த்துச் சமன் செய்யலாம்,
சிவப்பு முத்தெல்லாம் போய்விடும்.
வேண்டாம் என்று எடுத்து வந்துவிட்டேன்.

நகத்தால் தடவினால் நடுவில் ஒரு படி தட்டும்.
அதற்கு மேலே மூன்று நாற்பது வரைக்கும்.
கீழே, அதற்கப்புறம்.