முடிவுகள் இல்லை

புந்தா அரேனாஸில் ஜூலை.
சூரியன் பத்து மணிக்குத்தான் வேலைக்கு வரும்.
இப்போது மூன்றரை.
பழுதுத்துறையில் கட்டிக் கிடக்கிறது பசியென்சியா.
பொறுமை என்று பெயர் வைத்த படகு,
ஏழு மணிக்கு நீரிணை தாண்டிப் போர்வெனீர் போகவேண்டும்.
போர்வெனீர் என்றால் வருங்காலம்.
இந்த ஊரில் வருங்காலத்துக்குப்
படகில்தான் போகிறோம்,
காற்று விட்டால்.

நான் மிலென்கா யுராசிச்.
பட்டறையின் பணித்தடம் பார்ப்பவள்.
சுத்தியல் பிடித்ததில்லை.
என் கருவி ஒரு தேடல் பெட்டி,
அதில் துடிக்கும் ஒற்றைக் கோடு.

பெரிய வேலைகளை மென்பொருள் தானே காட்டும்.
எண், நிறம், பொறுப்பாளர், கெடு.
வேலைக்குள் இருக்கும் சிறு சதுரங்கள்தாம் —
துடை, இறுக்கு, எண்ணெய் இடு, மறுபடி பார் —
எண்ணும் இல்லாதவை, முகவரியும் இல்லாதவை.
கதவைத் தட்டலாம்;
அலமாரியில் எந்த டப்பா காலி என்று
வாசலில் நின்றபடி அறிய முடியாது.
அதைக் கேட்க ஒரு சார்பு உண்டு.
அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி.
ஒன்றை மூடாமல் விட்டால்
வரி முழுக்கச் சிவந்து
கோபித்துக்கொண்ட மாமியார் போல் பேசாமலிருக்கும்.

திறந்திருக்கும் வேலைகளில்
குறியிடாத சதுரங்கள்?
பூஜ்யம்.
மேலாளர் இதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனார்.
எனக்கு அந்தப் பூஜ்யம் பிடிக்கவில்லை.
அளவுக்கு மேல் உருண்டையாக இருந்தது.

'திறந்திருக்கும்' என்பதை அழித்துவிட்டுக் கேட்டேன்.
நாற்பத்தொன்று!
முடிந்தது என்று பச்சை பூசிய வேலைகளின் வயிற்றில்
விழுங்கிய பித்தான்கள்போல.
'சாவியைத் திருப்பிக் கொடு.'
'தரையைப் பெருக்கு.'
'ஒஸ்வால்தோவிடம் ஏணியைக் கேள்.'
சிரித்துக்கொண்டே கடந்தேன்.

வால்வுகள் மட்டும் என்று சுருக்கினேன்.
ஒன்றுமில்லை.
எங்கள் எழுத்தில் அந்தச் சொல்லின் முதல் உயிருக்குத்
தலைமேல் ஒரு கீற்று வேண்டும்.
கீற்றுப் போடாமல் எழுதுகிற ஒரே ஆள்
ரெமிஹியோ பார்ரியா, சிலோயே தீவுக்காரர்,
மழையிலும் தொப்பி போடாதவர்.
கீற்றை எடுத்துவிட்டுத் தேடினேன்.

'வால்வு 7. கையால் திருகிப் பார்.'
வெற்றுச் சதுரம்.
மூடி, பதினொரு நாள்.

தொலைபேசி இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.
"திருகினேனே. கையில் கிரீஸ்.
திரை என் விரலை ஏற்கவில்லை.
அப்புறம் போடலாம் என்று…"
அந்த 'அப்புறம்' எங்கே போயிற்று என்று
இருவரும் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்,
நடுவில் காற்று மட்டும்.
"வருகிறேன்" என்றார்.

இயந்திர அறை ஏணியில் முதன்முறையாக இறங்கினேன்.
டார்ச் என் கையில்.
ஏழாம் வால்வை அவர் பிடித்தார்,
கால் சுற்று,
திரும்பக் கால் சுற்று.
முனகல்கூட இல்லை.
"சொன்னேனா?" என்றது முகம்;
வாய் திறக்கவில்லை.

அலுவலகத்தில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி
அவரே சதுரத்தில் குறியிட்டார்.
மற்ற நாற்பதையும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தோம்.
ஏணி இன்னும் ஒஸ்வால்தோவிடம்தான்.

மறுபடி அதே கேள்வி.
'முடிவுகள் இல்லை' என்றது திரை.
இவ்வளவு நல்ல செய்தியை
இவ்வளவு சோகமாகச் சொல்ல
இயந்திரத்தால்தான் முடியும்.

ஐந்தே கால்.
அவர் மாத்தே போட வெந்நீர் வைத்தார்.
எனக்கு மட்டும் ஏதோ உறுத்தல்.
செய்துவிட்டுக் குறிக்காததைக் கண்டுபிடித்தாயிற்று.
குறித்துவிட்டுச் செய்யாதது?
அதைக் கேட்கும் சார்பை
நான் படித்த எந்தக் கையேட்டிலும் காணவில்லை.

குறியிட்டவை எல்லாவற்றையும் காட்டு என்றேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
ரெமிஹியோ திரையைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார்,
டார்ச்சை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.
"எதிலிருந்து?"